வெள்ளைத் தேநீரும் கருப்புத் தேநீரும்: திருவையாற்று வீட்டில் ஐந்து டம்ளர்

கல்லணைக்காரி

எங்கள் தெருமுனைக் கடையில் "வெள்ளை டீ கிடைக்குமா" என்று கேட்டால் மாஸ்டர் டிகாஷனை இரண்டு சொட்டு விட்டு மீதியைப் பாலால் நிரப்பி நீட்டுவார். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் பேசவந்தது அது இல்லை. கொழுந்தைப் பறித்து, உருட்டாமல் கசக்காமல் வாட்டிக் காயவைத்த தேயிலை. மொட்டின் மேல் இருக்கும் வெள்ளை ரோமத்தால் அந்தப் பெயர், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தோழி ஒருத்தி கோத்தகிரி போய்வந்தபோது சில்வர் டிப்ஸ் என்ற வெறும் மொட்டு வெள்ளைத் தேயிலை 25 கிராம் வாங்கிவந்தாள். கூடவே நான் இணையத்தில் சீனத்து பாய் மூடான் கொஞ்சம் வரவழைத்தேன், ஃபூஜியன் மாகாணத்து ஃபூடிங் சரக்கு, ஒரு மொட்டும் ஒன்றிரண்டு இலையும் சேர்ந்தது. கருப்பில் மூன்று: வீட்டில் எப்போதும் இருக்கும் சிடிசி டஸ்ட் (நசுக்கிச் செய்யும் டீத்தூள்), நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை (கிழிக்காமல் உருட்டிச் செய்வது), டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு (மே, ஜூன் கொழுந்து). ஐந்தையும் ஒரே நாளில் ஒரே மாதிரி போட்டுக் குடித்துப் பார்ப்பது என்று முடிவு.

நகை எடை போடும் சின்னத் தராசில் தலைக்கு 3 கிராம், 150 மில்லி கொதிநீர், 6 நிமிடம். இது நானாக வைத்த கணக்கு இல்லை. தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தரவிதி இருக்கிறது, 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்பது அதில் வருவது. (இதே போல ஒரு டீ போட ஆறு பக்கத்துக்கு விதி எழுதியதற்காக பிரிட்டிஷ் தரநிர்ணய அமைப்புக்கு 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள். எனக்கென்னவோ ஆறு பக்கம் குறைச்சல் என்றுதான் தோன்றுகிறது.)

முடிவு: சிடிசி டஸ்ட் கருகருவென்று இறங்கியது, துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது, பால் இல்லாமல் குடிக்க முடியவில்லை, ஆனாலும் டீ என்று சொல்ல ஒரு டீ இருந்தது. நீலகிரி பரவாயில்லை. டார்ஜிலிங் ஏதோ சொல்லவந்து பாதியில் நிறுத்திவிட்டது. வெள்ளை இரண்டும் ஏமாற்றம். கோத்தகிரி வெளிர்மஞ்சளாக இறங்கும் என்று படித்திருந்தேன், எனக்குக் கலங்கின பழுப்பு. வாசனை கிட்டத்தட்ட இல்லை. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "வைக்கோல் ஊறின தண்ணிக்கு இவ்வளவு விலையா, மாட்டுக்கு நான் சும்மாதானே வைக்கிறேன்" என்றார்.

ஆகவே என் தீர்ப்பு: வெள்ளைத் தேநீர் பெயர்தான் பெரிசு. மறுப்பவர்கள் வரலாம்.

டபரா_செட்

கும்பகோணம் பக்கத்திலேயே இருக்கும்போது வைக்கோல் தண்ணீரை நிறுத்து நிறுத்துக் குடித்தீர்கள் பாருங்கள், உங்கள் மாமனார்தான் எனக்குப் பிடித்த மனிதர். ஒரு டிகிரி காப்பியோடு விஷயத்தை முடித்திருக்கலாம்.

குன்னூர்_இறங்கியவன்

அம்மா, தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். நான் நீலகிரியில் தேயிலை ஃபேக்டரியில் பதினான்கு வருடம் இருந்தவன், இப்போது தஞ்சாவூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன்.

நீங்கள் குடித்த ஐந்தும் ஒரே செடி, கேமெலியா சினென்சிஸ். வித்தியாசம் பறித்த பிறகு நடப்பதில்தான். கருப்புக்கு, கொழுந்தை வாட்டி, உருட்டி அல்லது நசுக்கி, இலையின் செல்லை உடைக்கிறோம். உடைந்ததும் உள்ளே இருக்கும் சாறும் நொதியும் கலந்து, காற்றுப் பட்டு, வாழைப்பழம் அடிபட்ட இடத்தில் கறுப்பது போல நிறம் மாறும். அதில்தான் அந்தச் செம்மை, கடுப்பு எல்லாம் வருகிறது. சரியான நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி அதை நிறுத்த வேண்டும், பத்து நிமிடம் அசந்தால் சரக்கு போச்சு. சிடிசி என்பது அதையே பல் வைத்த உருளைகளுக்கு நடுவில் கிழித்து நசுக்கிச் சுருட்டிச் செய்வது, 1930களில் அசாமில் வந்த இயந்திரம். நம் டீக்கடைகள் அத்தனையும் அதன் புண்ணியத்தில்தான் நடக்கின்றன. அரை நிமிடத்தில் சாயம் இறங்கும், பாலைத் தாங்கும்.

வெள்ளைக்கு உருட்டுவதே கிடையாது. பரப்பி வைத்து ஒரு நாள், இரண்டு நாள், சில இடங்களில் அதற்கும் மேல் வாடவிட்டு, காயவைப்பதோடு சரி. கேட்பதற்கு வேலையே இல்லாதது போல இருக்கும். அதுதான் கஷ்டம். மலையில் திடீரென்று மூட்டம் போட்டு ஈரம் ஏறினால் மொட்டு சிவந்துபோகும், வெயில் அதிகமானால் வாசனை வருவதற்குள் காய்ந்துபோகும். திருத்திக்கொள்ள அடுத்த கட்டம் என்று ஒன்று இல்லை.

செல் உடையாத இலை என்பதால் அது மெதுவாகத்தான் விடும், மென்மையாகத்தான் விடும். மென்மையான சரக்கு என்றால் தண்ணீரின் குற்றம் பூராவும் வெளியே தெரியும். டஸ்ட் டீயில் அது மறைந்துவிடும்.

ஆகவே இரண்டு கேள்வி. ஒன்று, எந்தத் தண்ணீர்? இரண்டு, எப்படிக் குடித்தீர்கள், டம்ளரைத் தூக்கியா, வாய் வைத்தா?

கல்லணைக்காரி

வீட்டு போர்த் தண்ணீர். 180 அடி. தூக்கித்தான் குடித்தோம், மாமனார் முன்னால் வாய் வைத்துக் குடித்தால் அதற்கு ஒரு தனி இழை தொடங்க வேண்டிவரும்.

குன்னூர்_இறங்கியவன்

போச்சு. அப்படியானால் நீங்கள் சோதித்தது உங்கள் போரைத்தான், தேயிலையை இல்லை.

முதலில் தூக்கிக் குடிப்பதைப் பேசிவிடுவோம். அண்ணாந்து ஊற்றினால் தேநீர் நேராகத் தொண்டைக்குப் போகிறது, மூக்குக்கு ஒன்றும் போகாது. வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுவது. டீ டேஸ்டர் ஸ்பூனில் எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று ஊருக்கே கேட்கும்படி உறிஞ்சுவது இதற்காகத்தான், திவலை திவலையாக வாய் முழுதும் தெறித்துக் காற்றோடு மேலே ஏற வேண்டும். அப்புறம் துப்பிவிடுவார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்பை பார்ப்பவர் விழுங்கினால் என்ன ஆவது. எங்கள் ஃபேக்டரியில் புதிதாக வரும் பையன்கள் முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கே சிரித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் டபராவில் ஊற்றிச் சத்தம் போட்டு உறிஞ்சுங்கள், நம் தாத்தாக்கள் குடித்தது அப்படித்தான்.

தண்ணீருக்கு வருகிறேன். அந்தப் போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வேகுமா?

கல்லணைக்காரி

எங்கே வேகிறது. குக்கரில் ஆறு விசில். வெந்நீர் போடும் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படியும். நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது, அன்றைக்கு டஸ்ட் டீயின் மேல் மெல்லிசாக எண்ணெய் போல ஒரு ஏடு மிதந்தது, டம்ளரில் பழுப்பு வளையம் விழுந்தது. பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து வேலைக்கு வரும் அக்காவிடம் முகத்தைக் காட்டிவிட்டேன், பாவம்.

குன்னூர்_இறங்கியவன்

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஏடு உங்கள் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடு சேர்ந்து உண்டாக்குவது. பைகார்பனேட் அதிகம் இருந்தால் தேநீர் காரத்தன்மைக்குப் போகும், கருப்புத் தேநீர் பளிச்சென்ற செம்மை இழந்து மங்கலாகும், வெள்ளை கலங்கிப் பழுப்பாகும். எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் நிறம் சட்டென்று வெளுக்கிறதே, அது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். பருப்பு வேகாத தண்ணீரில் நல்ல தேயிலையைப் போடாதீர்கள்.

வேதாரண்யம்_உப்பு

இடையில் நுழைகிறேன். டிடிஎஸ் மீட்டர் வாங்கி முக்கிப் பார்த்துவிட்டு எண்ணைப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே: அந்த மீட்டர் கரைந்திருப்பது எவ்வளவு என்று ஏறக்குறையச் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு, உங்கள் பக்கம் சுண்ணாம்பு. எண் ஒன்றாகவே இருந்தாலும் டீ வேறு வேறாகத்தான் இருக்கும். 1930இல் உப்பு எடுக்க நடந்துவந்தார்களே, அந்த ஊர்க்காரன் சொல்கிறேன், உப்புத் தண்ணீர் டீயில் சர்க்கரையே எடுபடாது. கொள்ளிடத்திலிருந்து குழாயில் தண்ணீர் வரும் நாளில்தான் எங்கள் வீட்டில் டீ டீயாக இருக்கும். நீங்கள் அந்தக் கொள்ளிடத்தை வாசலில் வைத்துக்கொண்டு போர்த் தண்ணீரில் சோதனை செய்கிறீர்கள்.

பூம்புகார்_பஸ்

தண்ணீர் கிடக்கட்டும். வெள்ளைத் தேநீரில் கஃபீன் கிடையாதாமே? அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை, அதனால் கேட்கிறேன்.

குன்னூர்_இறங்கியவன்

கிடையாது என்பது பொய் தம்பி. கஃபீன் செடி தன்னைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள வைத்திருக்கும் சரக்கு, இளங்கொழுந்திலும் மொட்டிலும்தான் அதிகம். முற்றின இலையில் குறையும். வெள்ளைத் தேநீர் பெரும்பாலும் மொட்டும் இளங்கொழுந்தும்தான். இலை உடையாததால் மெதுவாக இறங்கும், சூடு குறைவான தண்ணீரில் இன்னும் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். நிறம் வெளிறி இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கல்லணைக்காரி

இதற்கு நான் சாட்சி. ஒன்பது மணிக்கு மேல் மீதியிருந்ததை எல்லாம் வீணாக்க மனமில்லாமல் குடித்தேன். விடியற்காலை முதல் பஸ் போகிற சத்தம் கேட்கும் வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். அம்மாவுக்குச் சுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

செவிலி_மன்னை

சோகை இருப்பவர்கள் யாராவது படித்தால்: கருப்போ வெள்ளையோ, சாப்பாட்டோடு சேர்த்தோ சாப்பிட்ட கையோடோ குடிக்காதீர்கள். கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும். எங்கள் வார்டில் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவ்வளவுதான், தொடருங்கள்.

கல்லணைக்காரி

இரண்டாம் சுற்று. ஆடிப் பெருக்குக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு கொள்ளிடக் கரையில், மணலில் இறக்கிய அடிபம்பு, குடிக்கவே இனிப்பாக இருக்கும். இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்தேன், பஸ்ஸில் கண்டக்டர் குடத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். கடையில் விற்கிற கேன் தண்ணீரும் ஒன்று. வேதாரண்யத்துக்காரர் எச்சரித்தும் மீட்டர் வாங்கிவிட்டேன்: போர் 870, அடிபம்பு 210, கேன் 35.

முதல் ஆச்சரியம் வெள்ளையில். அதே கோத்தகிரி மொட்டு, அதே 3 கிராம். (ஸ்பூனால் அளக்காதீர்கள், மொட்டு பஞ்சு மாதிரி, 3 கிராம் என்பது ஒரு கைப்பிடி.) அடிபம்புத் தண்ணீரில் அறுவடையான களத்தில் காலையில் வரும் அந்த நெல் வாசனை, வைக்கோல்தான், ஆனால் ஊறின வைக்கோல் இல்லை, அன்றைக்கு அடித்த புது வைக்கோல். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து நாக்கின் அடியில் வெள்ளரிப் பிஞ்சு கடித்தது போல ஒரு குளிர்ச்சி, அப்புறம் லேசான தித்திப்பு. நிறம் இளநீரில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போல. போன தடவை இவ்வளவும் எங்கே போயிருந்தது?

பாய் மூடான் இன்னும் கனம். வாழைப்பூவை மடல் மடலாக உரிக்கும்போது காம்பில் தேன் துளிர்க்குமே, சின்ன வயதில் உறிஞ்சியிருப்பீர்கள், அந்த ருசிக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் வரை விட்டது, இரண்டாவதுதான் முதலாவதைவிட நன்றாக இருந்தது. டஸ்ட்டில் இரண்டாம் தண்ணீர் ஊற்றினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

கேன் தண்ணீரில் இரண்டுமே சுத்தமாக, கூர்மையாக, ஆனால் வெறுமையாக இருந்தன. உப்புப் போடாத சோறு மாதிரி.

கருப்பில் டார்ஜிலிங்தான் ஆளே மாறிப்போனது. போர்த் தண்ணீரில் பாதியில் நின்ற பேச்சை இங்கே முடித்தது: பன்னீர் திராட்சை. கம்பத்திலிருந்து வருகிற கருநீலத் திராட்சையைத் தோலோடு கடித்தால் மூக்கில் ஏறும் வாசனை, அதே தான். நீலகிரி இலை பளபளவென்று செம்புக் குடம் நிறத்தில் இறங்கியது, ஆறிய பிறகும் கலங்கவில்லை. டஸ்ட் டீயில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏடு இல்லை, கொஞ்சம் கடுப்பு கூடியிருந்தது, மற்றபடி அது அதுவாகவே இருந்தது. ஒருவிதத்தில் மரியாதைதான் வந்தது அதன் மேல்.

தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். மாமனார் வாங்கவில்லை. இந்த முறையும் வைக்கோல் என்றே சொன்னார், ஆனால் "ஊறின" என்ற சொல்லை விட்டுவிட்டார்.

நெல்மணி

பன்னீர் திராட்சை என்றதும் வந்தேன். அந்த மணத்துக்கு மஸ்கடெல் என்று பெயர், பன்னீர் திராட்சையும் மஸ்கட் வகைதான், அதனால் சகோதரியின் மூக்கு பொய் சொல்லவில்லை. காரணம் என்ன தெரியுமா, தத்துப்பூச்சி! மே, ஜூனில் பச்சைத் தத்துப்பூச்சி இனத்தில் ஒன்று டார்ஜிலிங்கில் கொழுந்தைச் சாறு உறிஞ்சுகிறது, கடிபட்ட செடி எதிர்ப்புக்காக வாசனைச் சரக்கைச் சுரக்கிறது, அது ஃபேக்டரிக்குப் போய்த் திராட்சை மணமாகிறது. நான் மூன்று ஏக்கர் குறுவை போட்டவன், தத்துப்பூச்சி வந்தால் துங்ரோ நோய் வருமே என்று விளக்குப்பொறி வைத்துத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அதே சாதிப் பூச்சி கடித்ததற்குக் கூடுதல் விலை. நம் நெல்லுக்கு யாராவது "பூச்சி கடித்த பொன்னி" என்று சொல்லி விலை கொடுப்பார்களா?

டபரா_செட்

நெல்மணி, கொள்முதல் நிலையத்தில் சொல்லிப் பாருங்கள், ஈரப்பதத்துக்குப் பிடித்தம் செய்கிறவர்கள் பூச்சிக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள்.

ஒரு கேள்வி, கிண்டல் இல்லை. வெள்ளைக்கு 80 டிகிரி தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே, இவர் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறார்?

குன்னூர்_இறங்கியவன்

ஆக, காப்பிக்காரரும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

80 என்பது வேதவாக்கு இல்லை. சுவைத்துப் பார்க்கிறவர் கொதிநீர் ஊற்றுவது சரக்கின் குறையை வெளியே இழுக்க, மறைக்க இடம் கொடுக்காமல். நல்ல மொட்டு கொதிநீரைத் தாங்கும். வீட்டில் ரசித்துக் குடிப்பதற்கு ஒரு படி இறக்கினால் துவர்ப்பு அடங்கி வாசனை நிற்கும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். கொதித்த தண்ணீரை டம்ளருக்கும் டபராவுக்கும் இரண்டு ஆத்து ஆத்தி ஊற்றுங்கள், என் வீட்டில் அளந்து பார்த்தேன், 85 பக்கம் வந்து நிற்கிறது. உலகத்தில் விதவிதமான கெட்டில் விற்கிறார்கள், இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. கருப்பு இலைக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம், கொதி அடங்குவதற்குள் ஊற்ற வேண்டும், நிமிடம் மூன்று நான்கு போதும்.

இன்னொன்று. அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு வெள்ளையைச் சுவைக்காதீர்கள், நெய்யும் சர்க்கரையும் நாக்கை மூடிவிடும். அசோகாவுக்கு டார்ஜிலிங்கோ நீலகிரியோதான் ஜோடி, அதன் துவர்ப்பு நெய்யை வழித்து எடுத்துவிடும்.

பூம்புகார்_பஸ்

பழைய வெள்ளைத் தேநீர் மருந்து என்கிறார்களே, ஏழு வருடம் வைத்தால் புதையல் என்று? வாங்கிப் பரணில் போட்டுவிடலாமா?

வேதாரண்யம்_உப்பு

சீனாவில் அப்படி ஒரு வழக்குச் சொல் இருப்பது உண்மை. ஆனால் நம் ஊர்க் கார்த்திகை ஈரத்தில் ஏழு வருடம் எதை வைத்தாலும் புதையல் ஆகாது, பூஞ்சணம்தான். நான் ஒரு நல்ல நீலகிரி இலையை அஞ்சறைப் பெட்டி இருக்கும் அலமாரியில் வைத்தேன். மூன்றே வாரம். பெருங்காய டீ. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், காப்பிப்பொடிக்குப் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா, வெளிச்சம் படாத இடம், ஆறு மாதத்துக்குள் குடித்துத் தீர்ப்பது. இதுதான் டெல்டா முறை.

நெல்மணி

சகோதரி, மழைத்தண்ணீரில் போட்டுப் பார்த்தீர்களா? எங்கள் பாட்டி ஐப்பசி மழையில் முற்றத்தில் வேட்டி கட்டி அண்டாவில் பிடித்துவைத்துத்தான் பருப்பு வேகவைப்பாள்.

கல்லணைக்காரி

இப்போதுதான் புரட்டாசி, ஓடு காய்கிறது. ஐப்பசியில் முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவதில் பிடிக்கிறேன், முதலில் வருவது ஓட்டுத் தூசிதான். அதுவரை மீதி 12 கிராம் கோத்தகிரியைத் தொடுவதில்லை என்று டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

டபரா_செட்

ஐப்பசி பிறந்து இருபது நாள் ஆகிவிட்டது. வெளியே கொட்டுகிறது. என்ன ஆயிற்று?

கல்லணைக்காரி

மழை பிடித்தேன், ஒரு அண்டா நிறைய. டப்பாவை எடுத்தால் எடையே இல்லை. அடியில் ரோமத் தூள் மட்டும் கிடந்தது. யார் என்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாமனார் திண்ணையில் உட்கார்ந்து டபராவில் ஊற்றி 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சும் சத்தம் பத்து நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது, காப்பி என்று நினைத்தேன்.

மழைத்தண்ணீரில் நீலகிரி இலையைத்தான் போட முடிந்தது. நிறம் கண்ணாடி, வாசனை தூக்கல், வாயில் தெரியும் கனம் கொஞ்சம் குறைவு. அடிபம்புக்கு அடுத்த இடம் கொடுக்கிறேன். கோத்தகிரிக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், இந்த முறை 100 கிராம்.